புல்லரியும் கொறங்காடும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். பழந்தமிழ் பயின்றோர் இதனை நன்கறிவர். இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் சொல் கால்நடையைக் குறிக்கும் சொல்லினின்றே தோன்றிற்று என்பர் மொழிநூலார். கால்நடையே செல்வமாக இருந்த காலம் நமக்கும் இருந்தது, மேனாட்டாருக்கும் இருந்தது. ஆயினும் மாட்டைப் பாராட்டிய அளவுக்கு அம்மாடு மேய்ந்த நிலத்தைப் பாராட்டினார் அரியர். கோயிலுக்குத் தலவரலாறு உண்டு. ஏரிக்கும் அணைக்கும் கல்வெட்டு உண்டு. அரசரின் போருக்குப் பரணி உண்டு. புல் முளைத்துக் கிடந்த வெற்று நிலத்தின் கதையை எழுதப் புகுந்தோர் மிகச் சிலரே. அக்கதையின் சில பக்கங்களை நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் புரட்டிப் பார்க்க விழைகின்றோம்.

இதற்கு நாம் குடியேறியிருக்கும் இந்த நாயுடுபேட்டை மிகப் பொருத்தமான இடம். சொர்ணமுகி ஆற்றின் கரையில், சென்னைக்கும் கூடூருக்கும் இடையே உள்ள இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறக்கும்வரை நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நெல்லூர் என்றவுடன் நம் தாய்மார்களுக்கு நினைவுக்கு வருவது அரிசி. கால்நடை நூல் கற்றவர்க்கோ நினைவுக்கு வருவன ஆடும் மாடும். இந்தியச் செம்மறியாட்டு இனங்களுள் உயரத்தில் தலைசிறந்தது நெல்லூர் ஆடு. நீண்ட காலும், கம்பளி இல்லாத குறுமயிரும் உடையது. வெண்ணிறத்தது பல்லா, வாயிலும் கண்ணைச் சுற்றியும் கரும்புள்ளி உடையது ஜோடிப்பி, செம்பழுப்பு நிறத்தது தொரா. இவ்வாறு மூவகையாகப் பிரித்துரைப்பர். நம் காலனியைச் சூழ்ந்த சாலைகளில் மாலை வேளையில் பேருந்தை நிறுத்தி வைத்துவிட்டு நிதானமாகக் கடந்து செல்லும் மந்தைகள் இவையே. அவசரமாகப் பணிக்குச் செல்வோர் அவற்றைச் சபிப்பதுண்டு. அந்த ஆடுகளின் முன்னோர் இவ்வழியே நடந்தபோது இங்குச் சாலையும் இல்லை, தொழிற்பேட்டையும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் யார் யாருக்கு இடையூறு என்பது ஐயத்துக்குரியதாகும்.

மாட்டின் கதை இதனினும் வியப்பானது. ஒங்கோல் வட்டம் 1904ஆம் ஆண்டுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே ஒங்கோல் மாடு கடல் கடந்தபோது நெல்லூர் என்னும் பெயரையே சுமந்து சென்றது. 1868இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று பிரேசில் நாட்டின் சால்வடார் துறைமுகத்தில் தங்கியபோது, அதிலிருந்த ஒங்கோல் இணை ஒன்று அங்கே விற்கப்பட்டது என்பது அந்நாட்டார் கூறும் வரலாறு. பின்னர்ப் பலமுறை மாடுகள் சென்றன. கடைசிப் பெருந்தொகுதி 1960களின் தொடக்கத்தில் சென்றது. இன்று பிரேசிலின் பரந்த புல்வெளிகளில் மேயும் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி 'நெலோரே' இனமே. அமெரிக்க நாட்டார் உருவாக்கிய 'பிராமன்' என்னும் இனத்திலும் இதன் குருதி கலந்துள்ளது. நம் ஊர்ப் பெயரை நாவில் ஏந்தி ஒரு கண்டமே மாடு வளர்க்கின்றது. ஆயின் அந்த மாட்டை உருவாக்கிய மேய்ச்சல் நிலம் இங்கே என்னவாயிற்று என்று கேட்போர் இல்லை.

தமிழகத்தின் பழைய ஆவணங்களைப் பார்ப்போம். சோழர் காலச் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானமாக வழங்கும்போது அவ்வூரில் அடங்கியவற்றை வரிசையாகக் கூறுவர். மரம், கிணறு, மன்று, குளம், புற்று ஆகியவற்றோடு 'கன்றுமேய்பாழ்' என்று ஒன்றும் அங்கே இடம்பெறும். கன்றுகள் மேய்வதற்கென விடப்பட்ட தரிசு என்பது பொருள். பாழ் என்பதைப் பயனற்றது என்று நாம் இன்று கொள்கின்றோம். அக்காலத்து ஊரார் அதனைப் பெயரிட்டு, பயன் குறித்து, ஆவணத்தில் ஏற்றினர். உழாத நிலமும் ஊரின் உடைமையே என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது.

அதே காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில் மற்றொரு தொடர் காணப்படும். நந்தாவிளக்கு ஒன்றை எரிப்பதற்காக ஒருவர் 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பார். அவற்றை இடையர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து கொடுப்பர். இந்த இடையரைக் கல்வெட்டுகள் மன்றாடி என்று குறிக்கும். அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. ஆடு சாகாதிருக்குமோ எனின், ஒன்று இறந்தால் குட்டி ஒன்று அதன் இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கடமை தொடரும். முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் கணக்கை இத்துணைச் சுருக்கமாக எந்த வங்கியும் எழுதியதில்லை. அந்தக் கல்வெட்டுகள் ஆட்டைப் பற்றியும் நெய்யைப் பற்றியும் பேசுவன. புல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் ஆடு மூவாதிருக்க வேண்டுமெனின் புல்லும் மூவாதிருத்தல் வேண்டும் அன்றோ? மேயும் இடத்தை மாற்றி மாற்றிக் காத்தவர்களே அக்கடமையை நிறைவேற்றியிருக்க முடியும் என்று கருதுகின்றோம்.

இத்தகைய தமிழ்க் கல்வெட்டுகள் நெல்லூர்ச் சீமையிலும் குறைவில்லை. 1905இல் பட்டர்வொர்த், வேணுகோபால செட்டி என்னும் இருவர் இம்மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து மூன்று பகுதிகளாக வெளியிட்டனர். தெலுங்கோடு தமிழும் அத்தொகுதியில் விரவி நிற்பதைக் காணலாம். கூடூரை அடுத்த மல்லத்துக் கோயிலில் பல்லவர் காலத் தமிழ் எழுத்தை இன்றும் காணலாம். நாம் வந்தேறிகளாக இங்கு வாழ்வதாக நினைத்துக் கூசுவோர், ஒருநாள் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதனைப் பார்த்து வருதல் நன்று. இது நிற்க.

கும்பினியார் ஆட்சியும் அதன்பின் வந்த முடியாட்சியும் நிலத்தை வேறு கண்ணோடு நோக்கின. வரி தரும் நிலம், வரி தராத நிலம் என்று இரண்டே வகை. வரி தராததற்குப் புறம்போக்கு என்று பெயர். இருப்புப்பாதை வந்தபின் விறகுக்கும் மரத்துக்கும் விலை ஏறிற்று. ஸ்ரீஹரிகோட்டைத் தீவின் காட்டிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் விறகு சென்னைக்குச் சென்றது. 1856இல் மருத்துவர் கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். காட்டைக் காக்கவேண்டும் என்னும் எண்ணம் தவறன்று; அன்று காடு அழிந்த வேகத்தைக் கண்டவர் எவரும் அஞ்சியே இருப்பர். ஆயின் காட்டை அழித்தது புகைவண்டியும் நகரத்து அடுப்புமா, இடையனின் ஆடா என்னும் கேள்விக்கு அதிகாரிகள் அளித்த விடை பெரும்பாலும் ஒருபக்கமாகவே இருந்தது.

1878இல் இந்திய வனச்சட்டம் பிறந்தபோது சென்னை அரசாங்கம் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். சென்னையின் வருவாய் வாரியத்தார், காடு என்று சொல்லப்படும் நிலங்களில் கிராமத்தார்க்கு நெடுங்கால உரிமை உண்டு, அரசு முழுவதையும் தனதென்று கொள்ளுதல் ஆகாது என்று வாதிட்டனர். வெள்ளையர் ஆட்சியின் உள்ளேயே இப்படியும் ஒரு குரல் எழுந்தது. இறுதியில் 1882இல் சென்னைக்கெனத் தனிச் சட்டம் வந்தது. வாரியத்தாரின் பரிவு ஏட்டில் ஓரளவு நின்றது. நடப்பில் காப்புக்காடுகளின் எல்லைக்கல் ஊர்களின் கொல்லைவரை நெருங்கிற்று. மேய்ச்சலுக்குச் சீட்டு, சீட்டுக்குக் கட்டணம், கட்டணம் கட்டாத மாட்டுக்குப் பட்டி. வெள்ளாட்டைப் பல காடுகளில் அடியோடு விலக்கினர். வனக் காவலரின் கெடுபிடி பற்றிய முறையீடுகள் பெருகவே, 1913இல் சென்னை அரசு ஒரு வனக் குழுவை அமைத்து ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டது. காட்டின் ஒரு பகுதியைக் கிராமப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கும் யோசனை அக்குழுவின் வழியாக வலுப்பெற்றது.

இந்த மேய்ச்சல் கட்டணத்துக்குத் தெலுங்கில் 'புல்லரி' என்று பெயர். பெயரைக் கேட்டவுடனே நம் செவியில் 'புல்' ஒலிக்கின்றது. ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய 1921இல், கடப்பையிலும் குண்டூர் மாவட்டத்துப் பல்நாட்டிலும் மக்கள் புல்லரி செலுத்த மறுத்தனர். தம் மாடுகளைக் கட்டணமின்றிக் காட்டுக்குள் ஓட்டினர். பறிமுதல், கைது, மாடுகளைப் பட்டியில் அடைத்தல் எனக் கலகம் முற்றிற்று. 1922 பிப்ரவரியில் பல்நாட்டின் மிஞ்சாலபாட்டில் கன்னெகண்டி ஹனுமந்து என்பார் காவற்படையின் குண்டுக்கு இரையானார். உப்புக்காக நடந்த அறப்போரை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்னரே புல்லுக்காக உயிர் நீத்தவர் ஒருவர் நாம் வாழும் இந்த ஆந்திர நாட்டில் இருந்தார். தெலுங்கு மக்கள் அவரை மறக்கவில்லை. அவர்தம் அண்டையில் வாழும் நாமும் அப்பெயரை அறிந்திருத்தல் முறை.

விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க அதிகாரிகள் கண்ட மற்றொரு வழி, மேய்ச்சல் நிலத்தைச் சட்டத்தினும் கடுமையாகத் தாக்கிற்று. 1876இல் வடவட்டக் காடுகளின் காப்பாளர் பெட்டோம், அமெரிக்கப் பகுதியில் விளையும் ஒருவகை முள்மரத்தின் விதையை வேண்டி எழுதினார். யமேக்கா தீவிலிருந்து விதை வந்தது. 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. அதுவே இன்று நாம் சீமைக் கருவேலம் என்றும் வேலிகாத்தான் என்றும் சொல்லும் மரம். தெலுங்கில் அதற்குச் 'சர்க்காரு தும்ம' என்று பெயர். சர்க்கார் கொடுத்த மரம் என்று மக்கள் வைத்த அப்பெயரில் நன்றியும் உண்டு, குத்தலும் உண்டு. வறண்ட நிலத்தில் தானே வளர்ந்து ஏழையின் அடுப்பை எரித்தது உண்மை. கரிமூட்டத்தில் பல குடும்பங்கள் பிழைத்ததும் உண்மை. ஆயின் அதன் இனிய நெற்றை ஆடுமாடு தின்று சாணத்தில் விதையைச் சுமந்து சென்றன. மேய்ச்சல் நிலமெங்கும் முள்காடு பரவிற்று. அதன் அடியில் புல் வளர்வதில்லை. மேயும் கால்நடையே தன் மேய்ச்சலை அழிக்கும் விதையைத் தூவியது என்பது இவ்வரலாற்றின் கொடிய வேடிக்கை.

இனிக் கொங்கு நாட்டுக்குச் செல்வோம். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், கரூர்ப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே இருப்பின், அவர்களுக்குக் 'கொறங்காடு' என்னும் சொல்லை விளக்கவேண்டியதில்லை. ஏனையோர்க்காகச் சிறிது கூறுவோம்.

மழை ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 650 மில்லிமீட்டர். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு நிலையற்றது. மண் ஆழமில்லாத செம்மண்ணும் சரளையும். அங்கே நெல் விளையாது. கிணற்றுப் பாசனமும் சிறு பரப்புக்கே போதும். அந்நிலத்தைக் கொங்கு வேளாளரும் பிற குடியினரும் காடு என்றும் வயல் என்றும் சொல்லமுடியாத ஒரு மூன்றாம் பொருளாக ஆக்கினர். சில ஏக்கர் பரப்புள்ள துண்டைச் சுற்றிலும் முள்கிளுவையை நட்டு உயிர்வேலி அமைத்தனர். உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். இம்மூன்றுமே அந்த அமைப்பின் உயிர். கிளுவை வேலியை ஆடு நுழைந்து கடக்காது, கழியை வெட்டி நட்டாலே தழைக்கும், வறட்சியைத் தாங்கும். கொழுக்கட்டைப் புல் கோடையில் காய்ந்து சருகாகித் தோன்றினும் வேர் உயிரோடிருக்கும். ஒரு மழையில் மீண்டும் பசுமையாகும். வேல மரம் மாட்டுக்கு நிழல். புல் அற்றுப்போன கோடையில் அதன் காய் உதிர்ந்து தீவனமாகும்.

இதனை நடத்தும் முறையே கவனிக்கத்தக்கது. ஒரு குடும்பத்துக்கு உள்ள கொறங்காடு பல துண்டுகளாக வேலியிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்றில் மேயவிட்டுச் சில நாள் கழித்து மற்றொன்றுக்கு மாற்றுவர். மேய்ந்த துண்டு ஓய்வெடுக்கும். மழை பெய்தவுடன் மாட்டை இறக்கமாட்டார்கள். புல் வேரூன்றித் தலைதூக்கி விதை சிந்தும்வரை பொறுப்பர். முதலில் மாடும் எருமையும் மேயும். அவை விட்டதைப் பின்னர்ச் செம்மறி மேயும். செம்மறி அடிவரை கறம்பும் இயல்புடையது. ஆகவே அதனை முதலில் விடுதல் கேடு. மாடுகள் இரவும் அங்கேயே தங்கும். வேலி காவல் காக்கும். சாணமும் நீரும் நிலத்துக்கே சேரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துண்டை உழுது சோளமோ பயறோ விதைத்துப் பின் மீண்டும் புல்லுக்கு விடுவர். கணக்கறிந்த கிழவர் வேலியோரம் நின்று பார்த்தே, 'இந்தக் காடு இன்னும் 10 நாளைக்கு 4 உருப்படி தாங்கும்' என்று சொல்லிவிடுவார். மேனாட்டுக் கல்லூரிகள் சுழற்சி மேய்ச்சல் என்றும் மேய்ச்சல் தாங்குதிறன் என்றும் நூல் எழுதிக் கற்பிப்பது இந்தக் கணக்கைத்தான்.

அந்தப் புல்லில் வளர்ந்தது காங்கயம் மாடு. பிறக்கும்போது கன்று செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் தலையும் கழுத்தும் திமிலும் கருமை ஏறும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என நிறத்தால் பெயரிட்டு அழைப்பர். பால் மிகுதியாகக் கறப்பதில்லை. ஆனால் கவலை இழுப்பதிலும் வண்டி இழுப்பதிலும் அதற்கு நிகர் அரிது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பெரும்புகழ் பெற்றார். லிட்டில்வுட் என்னும் அதிகாரி 1936இல் எழுதிய தென்னிந்தியக் கால்நடை நூலைப் புரட்டினால், நம் நாட்டு மாட்டினங்களை அக்காலத்து அரசினர் எத்துணை நுணுக்கமாகக் கவனித்தனர் என்பது விளங்கும். கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தையும், ஆடியில் கூடும் அந்தியூர்க் குருநாதசாமி கோயிற் சந்தையும் கொங்குப் பக்கத்துக் கால்நடைச் செல்வத்தின் கண்காட்சிகள்.

இந்த அமைப்பு ஏன் தளர்ந்தது? கவலை போய் மின் மோட்டார் வந்தது. உழவு மாடு போய் டிராக்டர் வந்தது. இழுக்கும் மாட்டுக்கு வேலை இல்லையெனின் அதற்குப் புல் வளர்ப்பார் யார்? பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் கால்வாய் நீர் வந்த இடங்களில் தென்னை எழுந்தது. அதனைக் குறை சொல்லுதல் ஆகாது. நீரைக் கண்ட உழவன் தென்னை வைக்காமல் புல் வைப்பானா? காற்றாலை வந்தது, கோழிப்பண்ணை வந்தது. பின்னர் வீட்டுமனைக் கல் வந்தது. உழவு மாடு இல்லாத கொறங்காட்டில் இன்றும் செம்மறியும் பால்மாடும் மேய்கின்றன. ஆனால் மனைக் கல் நட்ட கொறங்காட்டில் வேலி முதலில் விழுகின்றது, மரம் அடுத்து விழுகின்றது, புல் தானே மறைகின்றது. குட்டப்பாளையத்தில் அமைந்த சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தாரும், மதுரையிலுள்ள சேவா என்னும் தொண்டு நிறுவனத்தாரும் வளர்ப்போரை ஒன்றுசேர்த்து இனத்தையும் நிலத்தையும் காக்க முயன்று வருகின்றனர். 2017 ஜனவரியில் ஏறுதழுவலுக்காகத் தமிழ் இளைஞர் கடற்கரையில் திரண்டபோது காளையைப் பற்றி உலகமே பேசிற்று. காளை நின்று மேய்ந்த காட்டைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பேசினர் என்பது வேறு.

கொழுக்கட்டைப் புல்லுக்கு இன்னொரு கதையும் உண்டு. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக விளையும் இப்புல்லை, மாட்டுத் தீவனத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களுக்குக் கொண்டு சென்றனர். அரிசோனாப் பாலையில் அது அடங்காமல் பரவிற்று. அங்குள்ள பெருங்கள்ளிகள் நெருப்பை அறியாதவை. காய்ந்த கொழுக்கட்டைப் புல் தீயைப் பரப்பி அவற்றைக் கொல்கின்றது. கூலிக்கு ஆள் வைத்தும் தொண்டர் திரண்டும் அதனைப் பிடுங்கி எறிகின்றனர். அவர்கள் கண்டத்திலிருந்து வந்த முள்மரம் நம் புல்லை அழித்தது. நம் புல் அவர்கள் கள்ளியை அழிக்கின்றது. புல் நல்லதா தீயதா என்பதைப் புல் தீர்மானிப்பதில்லை போலும்.

அதே அரிசோனாவில், நியூ மெக்சிகோ மாநில எல்லையை ஒட்டி, மாட்டுப் பண்ணையாளர் சிலர் 1994இல் மால்பை என்னும் பெயரில் ஒரு குழு அமைத்தனர். சுற்றுப்புற ஆர்வலருக்கும் மாட்டுக்காரருக்கும் நெடுநாள் பகை. ஒருவர் மற்றவரை நாட்டைக் கெடுப்பவர் என்பார். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பார்த்தபோது, இருவருக்கும் பொதுவான பகை ஒன்று தென்பட்டது. பண்ணை நிலத்தைத் துண்டு போட்டு மனையாக விற்றல் என்பதே அது. அவர்கள் கண்ட ஏற்பாடுகளுள் ஒன்று புல் வங்கி. வறட்சியால் தன் நிலம் களைத்துப்போன பண்ணையாளர், தன் மாடுகளைக் குழுவோடு இணைந்த வேறொரு பெரும்பண்ணையின் புல்லில் மேய்த்துக்கொள்ளலாம். அதுவரை தன் நிலத்துக்கு ஓய்வு. பணத்துக்கு மாறாக அவர் தருவது ஒரு பத்திரம். தம் நிலத்தைத் துண்டாக்கி மனையாக விற்பதில்லை என்று சட்டப்படி கட்டுப்படும் பத்திரம். நிலம் அவருடையதே; மாடு அவருடையதே; விற்பனை செய்யும் ஓர் உரிமையை மட்டும் புல்லுக்கு ஈடாகக் கொடுத்துவிடுகின்றார்.

நம் நாட்டுச் சட்டமும் அசையாமல் இல்லை. 1882இல் பறிபோன மேய்ச்சல் உரிமையை, ஊரில் நிலைத்து மேய்ப்போர்க்கும் இடம்பெயர்ந்து மேய்ப்போர்க்கும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பெயர் குறித்து ஏற்றது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தோரை அகற்றி ஊருக்கே மீட்டளிக்க வேண்டும் என்று பஞ்சாப் வழக்கொன்றில் தீர்ப்பளித்து, எல்லா மாநிலங்களுக்கும் பணித்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலைத் தடுத்து ஆணையிட்டு, மலைமாடு வளர்ப்போர் கலங்கியபின், அதனைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்னும் அளவுக்குச் சுருக்கியது. பர்கூர் மலையில் பட்டி போட்டு மாடு வளர்ப்போர்க்கு அந்தச் சில நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் அவையோ 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போர்க்கும் உரிய உலக ஆண்டாக அறிவித்தது. அவையின் அறிவிப்பு மாட்டுக்கு ஒரு வாய்ப் புல் தராது. எனினும் பள்ளியிலும் அலுவலகத்திலும் இதைப் பற்றிப் பேச ஒரு வாயில் திறக்கின்றது.

மற்றொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மந்தைவெளி குறைந்ததற்கு ஆக்கிரமிப்பு ஒன்றே காரணமன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் வெங்கடகிரி முதலிய சமீன்களை ஒழித்தபின் பொதுநிலங்கள் அரசின் கைக்கு வந்தன. நிலமற்ற ஏழைக்கு வீட்டுமனை எங்கே கொடுப்பது, பள்ளிக்கூடம் எங்கே கட்டுவது என்று கேட்டபோதெல்லாம் மேய்ச்சல் புறம்போக்கே கண்ணில் பட்டது. சென்னையில் மந்தைவெளி என்னும் பகுதி இன்று பேருந்து நிற்கும் இடம். மந்தை இல்லை, வெளியும் இல்லை, பெயர் மட்டும் உண்டு. நம்மைப் போன்றோர் வாழும் காலனிகள் பலவும் அவ்வாறே எழுந்தவை. குடியிருக்க வீடு வேண்டுமா, மாடு மேய வெளி வேண்டுமா என்று கேட்டால் வீடு என்றே எவரும் சொல்வர். கேள்வியை அப்படிக் கேட்டதுதான் பிழை. நெடுநாள் வெற்றாகக் கிடக்கும் மனைகளையும் முள் மண்டிய தரிசையும் விட்டுவிட்டு, மேயும் நிலத்தையே தேடித் தேடி எடுத்த கணக்கை எவரும் கேட்கவில்லை.

கொங்கு நாட்டில் இப்போது கேள்வி நம்மவர் வீட்டு வாசலுக்கே வந்திருக்கின்றது. தந்தையார் வைத்துச் சென்ற 10 ஏக்கர் கொறங்காட்டை நான்கு பிள்ளைகள் பங்கிடவேண்டும். ஒருவர் ஊரில், மூவர் நம்மைப் போல வெளியூரில். நான்காகப் பிரித்து நான்கு புறமும் கல் நட்டால், ஒவ்வொரு துண்டும் மாடு மேய்க்கச் சிறிது, மனையாக விற்கப் பெரிது. பிரிக்காமல் விட்டால் மூவருக்கும் கையில் காசு இல்லை. பெண் கல்யாணமும் பிள்ளை படிப்பும் காத்திருப்பதில்லை. இது எளிய சிக்கலன்று. வெளியூரில் இருந்துகொண்டு 'விற்காதே' என்று உபதேசம் செய்வோர் மேல் ஊரில் இருப்பவருக்குச் சினம் வருவதில் வியப்பில்லை.

ஆயினும் பழைய வழி ஒன்று அங்கே இன்னும் வழக்கில் உள்ளது. கொறங்காட்டை ஆண்டுக் குத்தகைக்கு, மேய்ச்சலுக்கென்றே, ஆடுமாடு வளர்ப்பவரிடம் விடுதல் அது. பத்திரத்தில் பங்கு நான்காக இருந்தாலும் வேலி ஒன்றாகவே இருக்கலாம். குத்தகைப் பணத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். மனை விற்ற பணத்தோடு ஒப்பிட்டால் அத்தொகை சிறிதே. அதனால்தான் குத்தகைக்காரர் கொடுத்த பணத்துக்கு ஈடு செய்ய அளவுக்கு மீறி ஆட்டை இறக்கிவிடுவதும் நிகழ்கின்றது. இரண்டே ஆண்டில் கொழுக்கட்டைப் புல் அற்றுச் சரளை தலைகாட்டும். ஆகவே குத்தகைச் சீட்டு எழுதுவோர் தொகையையும் தவணையையும் மட்டும் எழுதாமல், எத்தனை உருப்படி இறக்கலாம், மழைக்குப்பின் புல் விதை சிந்தும்வரை எத்தனை வாரம் காட்டை மூடி வைக்கவேண்டும், கிளுவை வேலியில் இடைவெளி விழுந்தால் கழி நடுவது யார் பொறுப்பு, வேல மரத்தை வெட்டும் உரிமை யாருக்கு என்னும் நான்கையும் ஊரிலுள்ள மூத்தவரைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். வரும் ஆடி விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பங்காளிகள் ஒருங்கே கூடும் அந்நாளிலேயே இதனைப் பேசிக்கொள்ளலாம்.